ஆதிரை உமிழ்ந்த நீறு

சிவமயம்

மார்கழித் திருவாதிரை நன்னாளைப் பற்றி ஆண்டுதோறும் அன்பர் பலர் இவ்வெளியீட்டில் எழுதி வருகின்றனர். தில்லையில் ஆடவல்லான் தேரேறி வரும் பெருமையும், சேந்தனார் இட்ட களியை அப்பெருமான் ஏற்றருளிய வரலாறும் நம்மனோர்க்குப் பழகியவை, கேட்குந்தோறும் இனிப்பவை. அடியேன் இங்கு எழுதப் புகுந்தது அந்நாளுக்குப் பெயரளித்த விண்மீனைப் பற்றியது. அதனையொட்டி யான் செய்த பிழை ஒன்றுண்டு. அதனைச் சொல்லாது மீனைப் பற்றி மட்டும் எழுதினால், கற்றவன் ஒருவன் தன் கல்வியைக் காட்டிக்கொண்டதாக முடியுமாதலின், பிழையையே முதற்கண் கூறுகின்றேன்.

2020-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24-ஆம் நாள் தை அமாவாசை. காலையில் தாமிரபரணியில் நீராடிப் பிதிர்க்கடன் முடித்து மீண்டு, மாலையில் முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து, சைவ சபையொன்றில் நிகழ்த்த வேண்டியிருந்த விரிவுரைக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். பொருள், தத்துவ வைப்பு. முப்பத்தாறு தத்துவங்களுள் ஈற்றில் நிற்கும் பிருதிவிக்கு வந்துவிட்டேன். இருட்டியிருந்தது. முற்றத்தின் நடுவே நின்ற என் மனையாள், "ஆதிரை மீன் மங்கிப் போயிருக்கிறதே, பார்த்தீர்களா? எதிர்த்தோளில் நிற்கிற மீனும் அதுவும் இன்றைக்கு ஒரே அளவாய்த் தெரிகின்றன" என்றாள்.

அவள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மேற் பயின்றவள் அல்லள். ஆயினும் மீன்களை அறிவாள். அவள் தந்தையார் வேளாண்மை செய்தவர். இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லுங்கால், ஒரே வரிசையில் நிற்கும் மூன்று மீன்களையும் அவற்றின் இருமருங்கும் நிற்கும் மீன்களையும் பார்த்து நாழிகை கூறுவாராம். தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு வரப்பில் நடந்த காலத்தில் கற்ற கல்வி அது. மார்கழியிலும் தையிலும் ஆதிரையைப் பாராமல் அவள் விளக்கேற்றியதில்லை.

யான் தலை நிமிரவில்லை. "விண்மீன் மங்குமா? உன் கண்ணிற் புரை விழுந்திருக்கும். வைத்தியரிடம் காட்டுவோம்" என்று கூறிவிட்டுப் பிருதிவிக்கு மீண்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. சிறிது நேரம் மேலே நோக்கி நின்றுவிட்டு உள்ளே சென்றாள். பின்னர் ஒருநாளும் அவள் அப்பேச்சை எடுத்ததில்லை; யானும் மறந்தேன்.

2022-ஆம் ஆண்டு ஆவணியில் அவள் சிவபதம் அடைந்தாள். அவ்வாண்டு மார்கழியில், கல்லூரியொன்றில் பௌதிக நூல் கற்பிக்கும் என் இளைய மகள் வந்திருந்தாள். இருவரும் அதே முற்றத்தில் இருந்தோம். அவள் ஆதிரையைச் சுட்டி, "அப்பா, 2020-இல் இந்த மீன் ஒளி குன்றியிருந்ததே, அந்த வாரம் அம்மா தொலைபேசியில் என்னைக் கேட்டார்கள்" என்றாள்.

"நீ என்ன சொன்னாய்?"

"'உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா; உலகத்து வானநூலார் எல்லாரும் இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று சொன்னேன். அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, 'வேண்டாம், மனம் வருந்துவார்கள்' என்றார்கள்."

இரண்டரை ஆண்டுக்கு மேலாகத் தான் கண்டது மெய்யென்று அறிந்தும், என் மனம் நோகாதிருத்தற்பொருட்டு அதனை உள்ளேயே வைத்திருந்து போய்விட்டாள். யான் செய்த பிழை இது. தலையை நிமிர்த்தியிருந்தால் போதும். நான்கு அடி நடக்கவும் வேண்டியதில்லை.

அன்று முதல் அம்மீனைப் பற்றி மகளிடம் பாடங்கேட்கலானேன். மடத்தில் தம்பிரான் சுவாமிகளிடம் கேட்ட முறைப்படியே, சொன்னதைத் திருப்பிச் சொல்லி ஒப்பித்தேன். அவள் நகைத்தாள், ஆயினும் பிழை கண்டவிடத்து விடவில்லை.

ஆதிரை மேலைநாட்டார் பெட்டல்ஜூஸ் என்று வழங்கும் செம்பெருமீன். சூரியனைப் போல் 15 முதல் 20 மடங்கு நிறையுடையது என மதிப்பர். சூரியன் இருக்குமிடத்தில் அதனை வைத்தால் பூமியும் செவ்வாயும் அதன் வயிற்றுக்குள் அடங்கிவிடும். 1920-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாட்டு மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் மைக்கல்சனும் பீஸும் அதன் விட்டத்தை அளந்தனர். சூரியனல்லாத ஒரு விண்மீனின் விட்டம் அளக்கப்பட்டது அதுவே முதன்முறை. அத்தகைய மீன் 2019-ஆம் ஆண்டின் இறுதியில் ஒளி குன்றத் தொடங்கி, 2020 பெப்ரவரியில் தன் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகத் தாழ்ந்தது. எதிர்த்தோளில் நிற்கும் மீனோடு ஒப்பாயிற்று என்று அவள் கூறியது அளவைக்கும் ஒத்ததே. வெடிக்கப் போகின்றது என்று பலரும் பரபரத்தனர். பின்னர்த் தெரியவந்த காரணம் வேறு. அம்மீன் தன் மேற்பரப்பினின்று ஒரு பெரும் வாயுத்திரளை வெளியே உமிழ்ந்திருந்தது. மேற்பரப்பின் ஒரு பகுதி குளிர்ந்தபோது, அருகிருந்த அவ்வாயு இறுகித் தூசியாகி, நமக்கும் மீனுக்கும் இடையே திரைபோல் நின்றது. சிலிக்கனும் பிராணவாயுவும் கலந்த, மணலினும் பன்மடங்கு நுண்ணிய துகள். சில திங்களில் அத்தூசி விலகவே மீன் பண்டைய ஒளி பெற்றது.

இதிலும் ஒரு வியப்புண்டு. ஆதிரையின் தொலைவை 550 முதல் 700 ஒளியாண்டு வரை பலவாறு மதிக்கின்றனர். 700 என்று கொள்ளின், 2020-இல் நம் கண்ணுக்கு எட்டிய அம்மங்கல், உமாபதி சிவாசாரியர் சங்கற்ப நிராகரணம் செய்த சகம் 1235-ஐ, அஃதாவது கி.பி. 1313-ஐ, ஒட்டி நிகழ்ந்ததாகும். அவர் சுவடியில் எழுதிய காலத்து எழுந்த தூசியை என் மனையாள் முற்றத்தில் நின்று கண்டாள்.

"இந்தத் தூசி எங்கே போகும்?" என்று மகளைக் கேட்டேன். "பால்வழி முழுவதும் பரவும் அப்பா, பிறகு என்றைக்கோ ஒரு நாள் மண்ணாகும், எலும்பாகும்" என்றாள். இவ்விடையின் பொருளை அறிந்துகொள்ளவே எனக்குப் பல மாதங்கள் சென்றன.

இக்காலத்தார் தனிமம் என்று கூறுவதை யாம் பயின்ற காலத்து நூல்கள் மூலகம் என்னும். 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பேருலகு விரியத் தொடங்கியபொழுது, முதற் சில நிமிடங்களில் உண்டான மூலகங்கள் ஹைட்ரஜனும் ஹீலியமுமே. இலித்தியம் மிகச் சிறிது. நிறையில் நான்கில் மூன்று கூறு ஹைட்ரஜன், ஏறத்தாழ ஒரு கூறு ஹீலியம். கரி இல்லை, பிராணவாயு இல்லை, இரும்பும் பொன்னும் இல்லை. இவையெல்லாம் பின்னர் விண்மீன்களின் வயிற்றில் வெந்து உண்டானவை.

அவ்வேவு எத்தகையது எனின், நம் சூரியனையே காண்க. அதன் நடுவிடம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பமுடையது. ஆங்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நான்கு, படிப்படியாகக் கூடி ஒரு ஹீலியக் கருவாகின்றன. ஒரு நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் இவ்வாறு மாறுகின்றது. அதில் 40 லட்சம் டன் நிறை மட்டும் குறைந்து ஒளியும் வெப்பமுமாய் வெளிப்படுகின்றது. நாம் காலையில் கைகூப்பி வணங்குவது அக்குறையினையே.

ஹீலியத்திலிருந்து கரியை ஆக்குதல் எளிதன்று. இரண்டு ஹீலியக் கருக்கள் ஒட்டினால் உண்டாகும் பொருள் கண்ணிமைக்குங் காலத்தில் எண்ணிறந்த கோடிக் கூறுகளுள் ஒரு கூறுக்குள் உடைந்துபோம். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து கூட வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் இப்படிக் கூடிக் கிடைக்கும் கரி மிகமிகச் சிறிதே. உலகிலோ கரி நிறைந்து கிடக்கின்றது. 1953-இல் ஆங்கில அறிஞர் பிரெட் ஹாயில், கரி இவ்வளவு உளதாதலின், கரியணுக்கருவுக்கு இக்கூட்டத்தைக் கைகொடுத்து ஏற்கும் ஒரு தனி ஆற்றல் நிலை இருந்தே தீரவேண்டும் என்று கூறினார். அமெரிக்காவில் பவுலர் என்பார் இருந்த ஆய்வுச்சாலையார் தேடிப் பார்த்தனர். அவர் கூறியவிடத்திலேயே அந்நிலை அகப்பட்டது. அளவை பயின்ற அன்பர் இதனைக் காரிய ஏது என்று உடனே கண்டுகொள்வர். புகையைக் கொண்டு நெருப்பைத் துணிதலை அறுபது ஆண்டாய் எடுத்துக்காட்டாகக் கேட்டுப் பழகிய எனக்கு, கரியைக் கொண்டு விண்மீன் வயிற்றின் இயல்பைத் துணிந்த இச்செய்தி பெருமகிழ்ச்சி அளித்தது. ஹாயிலும் பவுலரும் பர்பிட்ஜ் தம்பதியரும் கூடி, மூலகங்கள் விண்மீன்களில் உண்டாகும் வகையை 1957-இல் ஒரு பெருங்கட்டுரையாக எழுதினர். அதுவே இத்துறைக்கு இன்றளவும் அடிநூல் போல்வது.

ஆதிரையின் நடுவிடத்தில் இப்பொழுது ஹீலியம் கரியும் பிராணவாயுவுமாக மாறிக்கொண்டிருக்கின்றது என்று கருதுவர். அப்பாற் செல்லச் செல்ல வேகம் மிகும். சூரியனினும் 25 மடங்கு பெரிய மீனுக்குக் கூறப்படும் கணக்கைக் காண்க. ஹைட்ரஜன் எரிந்து முடிய ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டு, ஹீலியம் முடியச் சில லட்சம், கரி எரிந்து நியானும் மெக்னீசியமும் ஆகச் சில நூறு ஆண்டு, நியானுக்கு ஓராண்டு, பிராணவாயு சிலிக்கனும் கந்தகமும் ஆக ஆறு திங்கள், சிலிக்கன் இரும்பினமாக மாற ஒரே நாள்! இரும்பு வந்தபின் வேவு நிற்கும். இரும்பை மேலும் கூட்டினால் ஆற்றல் வருவதில்லை, செலவாகவே செய்யும். தாங்குவதற்கு வெப்பமின்றி நடுவிடம் ஒரு நொடிக்குள் இடிந்து வீழ்ந்து, மேலடுக்குகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரைவில் சிதறுகின்றன. சூப்பர்நோவா என்பர். 1987-ஆம் ஆண்டு பெப்ரவரி 23-ஆம் நாள் அத்தகைய ஒன்று, பால்வழிக்கு அயலில் உள்ள பெரிய மெகல்லன் மேகத்தில் தோன்றித் தென்னாட்டார் வெறுங்கண்ணுக்கே புலப்பட்டது. அதில் உண்டான நிக்கல் நாளடைவிற் கோபால்ட்டாகவும், அது இரும்பாகவும் சிதைந்ததைக் கருவிகளால் நேரே கண்டனர். இரும்பு பிறப்பதை மாந்தர் கண்ட முதற்காட்சி அதுவே எனலாம். ஆதிரையும் ஒரு லட்சம் ஆண்டுக்குள் இந்நிலை எய்தும் என்பர்.

சிதறியது எங்கே செல்லுகின்றது? பல்லாயிரம் ஆண்டு விரிந்து, விரைவு தணிந்து, மீன்களிடைப்பட்ட வெளியில் உள்ள வாயுவோடு கலக்கின்றது. பால்வழி தானே சுழல்வதாலும், பின்னும் வெடிக்கும் மீன்கள் கலக்குவதாலும் அது மேலும் பரவுகின்றது. அவ்வாயு ஒருகாலத்துக் குளிர்ந்து திரண்டு புதிய மீன்களாகின்றது. முன்னோர் ஆக்கிய மூலகங்கள் அவற்றுக்கு முதலாகின்றன. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த நம் சூரியன் அப்படிப் பிறந்ததே. அதன் நிறையில் நூற்றில் ஒன்றுக்குச் சிறிது மிகுதியாக இக்கனமூலகங்கள் உள்ளன. அச்சிறு கூறே பூமியாயிற்று, நமக்கு உடலாயிற்று. ஆதிரையைச் சில திங்கள் மறைத்த தூசியிலிருந்த சிலிக்கனும் ஆதிரை ஆக்கியது அன்று. அதற்கு முன்னர் மாய்ந்த மீன்கள் விட்டுச்சென்ற பொருள். ஆதிரை தானே ஆக்கிய சிலிக்கன் இனிமேல்தான் வரவேண்டும்.

எல்லா மீனும் வெடித்தே மாயும் என்று கொள்ளற்க. சூரியனை ஒத்தவை முதுமையில் பெருத்துச் சிவந்து, கரி முதலியவற்றை மென்காற்றாய் வீசிவிட்டு, வெண்குறுமீனாய் ஒடுங்கும். அவ்வெண்குறுமீன் தாங்கக்கூடிய நிறைக்கு எல்லை சூரியனைப் போல் 1.4 மடங்கு என்று கணக்கிட்டவர் நம் தமிழ்க் குடும்பத்துச் சந்திரசேகர். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்பொழுதே அக்கணக்கைத் தொடங்கினார். இணைமீனிடமிருந்து பொருளைப் பெற்று அவ்வெல்லையை நெருங்கும் குறுமீனும் வெடிக்கும்; பால்வழியில் உள்ள இரும்பிற் பெரும்பங்கு அவ்வெடிப்பினால் வந்தது. 1983-இல் நோபல் பரிசு சந்திரசேகருக்கும் மேலே கூறிய பவுலருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவையெல்லாம் என்றோ நடந்து முடிந்தவை என்பார்க்கு ஒரு மறுப்பு உண்டு. டெக்னீசியம் என்னும் மூலகம் நிலைபேறு அற்றது. அதன் நெடுநாள் நிற்கும் வகையும் 42 லட்சம் ஆண்டில் பாதியாகக் கெடும். 1952-இல் மெரில் என்பார் முதிய செம்மீன்கள் சிலவற்றின் ஒளியில் அதன் அடையாளத்தைக் கண்டார். கோடி கோடி ஆண்டு வயதுடைய மீனில் அது பழம்பொருளாய் இருத்தல் இயலாதன்றோ? ஆதலின் அம்மீன் அண்மையில் தானே ஆக்கியது என்பது துணிபாயிற்று. பரவுதற்கும் சான்று உண்டு. 26 லட்சம் ஆண்டில் பாதியாகக் கெடும் ஒருவகை இரும்பு, பசிபிக் ஆழ்கடலடியிற் படிந்த பாறைப்படலத்தில் இருப்பதை 1999-இல் ஜெர்மானிய அறிஞர் கண்டனர். பூமி தோன்றிய காலத்து இரும்பாயின் அது என்றோ அழிந்திருக்கும். சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் அயலில் வெடித்த மீனின் துகள் கடலில் வீழ்ந்து அடியிற் படிந்திருக்கின்றது.

மகள் கூறிய செய்திகளுள் என் நெஞ்சைத் தைத்தது ஒன்றே. விண்மீன்கள் பூமியைப் போன்ற பொருள்களாலேயே ஆனவை என்று 100 ஆண்டுகளுக்கு முன் பேரறிஞரும் நம்பினர். கல்கத்தாவில் மேகநாத் சாகா 1920-இல் வகுத்த சமன்பாட்டைக் கைக்கொண்டு, செசீலியா பெய்ன் என்னும் இளம் ஆங்கிலப் பெண்மணி, ஹார்வர்டில் மீன்களின் ஒளியைக் கணக்கிட்டார். மீன்களில் ஹைட்ரஜனே ஏனையவற்றினும் அளவிறந்து மிக்கிருக்கின்றது என்று முடிவு வந்தது. 1925-இல் அதனை நூலாக எழுதுங்கால், அத்துறையில் முதன்மை பெற்றிருந்த ரஸ்ஸல் என்னும் முதியவர், அஃது இயலாது என்றார். பெய்ன் அம்மையார் தாம் கண்ட முடிவைத் தம் நூலிலேயே பெரும்பாலும் மெய்யன்று எனக் குறித்துவிட்டார். நான்கு ஆண்டு கழித்து, வேறு வழியால் அம்முடிவையே எய்திய ரஸ்ஸல், பெய்ன் கூறியது சரியென்று அச்சிட்டு ஒப்பினார். ஒப்புவதற்கு அவர்க்கு அப்பெண்மணி உயிரோடு எதிரே இருந்தார். எனக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இனி, சித்தாந்தம் பயில்வார் இதனை எங்ஙனம் கொள்ளவேண்டும் என்பது பற்றிச் சில கூறுதல் கடன். நம்மவர் சிலர் அறிவியலார் எதைக் கண்டாலும், "இது நம் முன்னோர் அறிந்ததே" என்று முழங்குகின்றனர். யானும் மேடைகளில் அவ்வாறு முழங்கியவனே. ஐம்பூதம் என்பதும் மூலகம் என்பதும் ஒன்று என்று பேசியிருக்கின்றேன். அது பிழை. நம் நூலார் பூதங்களை வகுத்தது ஓசை, ஊறு, உருவம், சுவை, நாற்றம் என்னும் புலன்கள் பற்றி. இரும்பும் கரியும் சிலிக்கனும் அவ்வகுப்பில் வெவ்வேறு அல்ல. தருக்க சங்கிரகம் பொன்னைத் தேயுவின்பாற் படுத்தும். அதனைக் காட்டி, பொன் விண்மீன் தீயிற் பிறந்தது என்பதை நம்மவர் அன்றே அறிந்தனர் என்று நாளையே ஒருவர் எழுதக்கூடும். அந்நூலார் கூறிய காரணம், பொன்னை எத்துணைத் தீயிலிட்டு உருக்கினும் அதன் நெகிழ்ச்சி கெடுவதில்லை என்பது. மீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பொன்னும் மீனின் வழக்கமான தீயிற் பிறப்பதன்று. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் மீன்கள் மோதியதைக் கண்டனர். அத்தகைய மோதலிலே பொன் போன்ற கனமூலகங்கள் உண்டாகும் என்பது அதனால் வலியுற்றது. ஜெனீவாவில் அணுவாய்வுக் கூடத்து வளாகத்தில் 2004 முதல் நடராசப் பெருமான் திருவுருவம் நிற்கின்றது. அதனை நினைந்து மகிழ்வேன். மேடையிற் பிரமாணமாகக் காட்டேன்.

அங்ஙனமாயின் நமக்கு இதில் யாதும் இல்லையோ எனின், உண்டு. இல்லதற்குத் தோற்றமில்லை என்னும் சற்காரிய வாதம் நம் கொள்கை. விண்மீனில் நிகழ்வது படைப்பன்று, திரிபே. ஹைட்ரஜன் வேறாய் நின்று கூடி இரும்பெனப் பெயர் பெறுகின்றது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனுள் தனுவுக்கும் புவனத்துக்கும் உரிய பருப்பொருள், மாயையின் கடைப்படியில் எவ்வாறு பதப்பட்டு வருகின்றது என்பதை அறிவியலார் தம் கருவியால் கண்டு கூறுகின்றனர். குடத்துக்கு மண்ணும் திரிகையும் எவை என்று அவர் கூறுவர். குயவன் உளனோ என்பது அவர் வினாவன்று. "சடப்பொருள் தானே இத்தனையும் ஒழுங்காய்ச் செய்யுமோ?" என்று மகளை மடக்கினேன். "அது எங்கள் கருவியில் அகப்படுகிற கேள்வி இல்லையே அப்பா" என்றாள். சரியான விடைதான். எங்கள் அளவையில் அகப்படும் என்றேன், அவளும் மறுக்கவில்லை.

ஆயினும் என்னை உறுத்துவது தருக்கம் அன்று. அவள் உடல் எரிந்த மறுநாள், சஞ்சயனத்தின்பொழுது எலும்புகளைப் பொறுக்கிப் பாலில் நனைத்துத் தாமிரபரணியில் விட்டோம். எலும்பின் நீறு சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் பிராணவாயுவும் கூடியது என்பதை அன்று யான் அறியேன். அச்சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும், பேரும் ஊரும் அறியாத பெருமீன்கள் சில, சூரியன் பிறப்பதற்கு முன்னரே வெந்து சிதறி விட்டுச்சென்றவை. உடல் சடம், உயிர் வேறு என்று ஐம்பது ஆண்டு கற்பித்த கை, அச்சடத்தைப் பாலில் நனைக்கும்பொழுது நடுங்கிற்று. சங்காரம் என்பது உயிர்களின் இளைப்பு நீக்குதற்கு இறைவன் செய்யும் அருள் என்பது பாடம்; பலர் வீட்டுத் துக்கத்தில் யான் எடுத்துரைத்திருக்கின்றேன். என் வீட்டில் அஃது உடனே துணைக்கு வரவில்லை. மீன்களைப் பற்றிய இவ்வறிவு துயரைத் தீர்த்தது என்று எழுதினால் அதுவும் பொய்யாம். நீறு என்னும் சொல்லை மட்டும் முன்போல் எளிதாகச் சொல்ல இயலவில்லை.

நாள்தோறும் அணியும் திருநீற்றையும் எண்ணிப் பார்க்கின்றேன். பசு வைக்கோலைத் தின்கின்றது. நெல்வைக்கோலில் சிலிக்கன் மிகுதி. சாணம் வெந்த நீற்றிலும் அது நிற்கும். ஆதிரையை மறைத்த தூசிக்கும் என் நெற்றியில் உள்ள நீற்றுக்கும் பொருளால் உறவுண்டு. இதனால் திருநீற்றுக்குப் பெருமை கூடியது என்று கொள்வார் உளராயின் அவரோடு யான் உடன்படேன். அதன் பெருமை மந்திரத்தாலும் சிவசம்பந்தத்தாலும் வந்தது, சிலிக்கனால் அன்று. ஆயினும் விரலால் எடுக்கும்பொழுது நினைவு வாராதிருப்பதில்லை.

2025-இல் ஆதிரைக்கு அருகே சிறிய இணைமீன் ஒன்று இருத்தல்கூடும் என்று ஹவாய்த் தீவில் உள்ள பெருந்தொலைநோக்கியாற் கண்டு அறிவித்தனர். முற்றும் உறுதியாகவில்லை என்று மகள் எச்சரித்தாள். சிவனுக்குரிய மீனும் உடனுறை துணையோடு நிற்கின்றது என்று சொற்பொழிவாளர்க்கு நல்ல விருந்து கிடைத்துவிட்டது. யான் அதைப் பேசுவதில்லை.

மார்கழியும் தையும் வந்தால் இப்பொழுது குறிப்புச்சுவடியை உள்ளே வைத்துவிட்டு முற்றத்தில் நிற்கின்றேன். ஆதிரையைப் பார்த்து, எதிர்த்தோளில் உள்ள மீனைப் பார்த்து, ஒளியை ஒப்பிட்டு நாட்குறிப்பில் எழுதுகின்றேன். இதுகாறும் ஆதிரையே மிக்கிருக்கின்றது. 2020-ஆம் ஆண்டு தை, மாசித் திங்கள்களில் அம்மீன் மங்கியதைத் தம் கண்ணால் கண்ட அன்பர், அன்னையர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், கண்ட நாளையும், அது அவர்க்கு எவ்வாறு தோன்றிற்று என்பதையும் இவ்வெளியீட்டின் ஆசிரியர்க்கு எழுதியனுப்புமாறு வேண்டுகின்றேன். அவளிடம் கேட்டறியத் தவறியதை அவர் வாயிலாகவேனும் கேட்க விரும்புகின்றேன்.